பாறை உச்சியில் பாப்பா லூனா

ஸ்பெயினின் வலென்சியாவில் ரயில் ஏறி பெனிகார்லோவில் இறங்கினேன். அங்கிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம்தான். சாலை கடலோரம் திரும்பியதுமே பெனிஸ்கோலாவின் பாறை கண்ணில் பட்டது. மூன்று பக்கமும் கடல், 64 மீட்டர் உயரத்தில் கோட்டை. டெம்ப்ளர் வீரத்துறவிகள் 1294 முதல் 1307 வரை கட்டியது. நான் தேடிப் போனது அவர்களை அல்ல. அவர்களுக்கு நூறு ஆண்டு கழித்து இங்கே வந்து அடைந்துகொண்ட ஒரு கிழவரை.

பெத்ரோ தெ லூனா. 1394இல் இன்றைய பிரான்சின் அவிஞோனில் பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை, அதாவது போப், ஆனவர். ஸ்பானியில் போப்புக்குப் பாப்பா என்று பெயர்; அதனால்தான் பாப்பா லூனா. அப்போது ரோமில் இன்னொரு திருத்தந்தை இருந்தார். 1378இல் ஆறாம் உர்பானைத் தேர்ந்தெடுத்த கர்தினால்களே (திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உயர்குருக்கள்), ரோம் மக்களின் மிரட்டலுக்குப் பயந்துதான் வாக்களித்தோம் என்று சொல்லி, சில மாதங்களில் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கிய பிளவு அது. 1409இல் இத்தாலியின் பீசா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இருவரையும் நீக்கிவிட்டு மூன்றாமவரை நியமித்தது. இருவரும் விலகவில்லை. ஆக, ஒரே நேரத்தில் மூன்று பேர்!

கோட்டைக்கு ஏறும் வழியில் புனித பேதுரு வாசல். வளைவுக்கு மேலே கல்லில் பெத்ரோ தெ லூனாவின் சின்னம்: தலைகீழான பிறை, மேலே திருமுடி, சாவிகள். லூனா என்றால் நிலா. உப்புக்காற்றில் ஓரங்கள் மழுங்கியிருந்தாலும் பிறை நன்றாகத் தெரிகிறது. அதன் கீழே வெகுநேரம் நின்றேன். உலகம் என்ன சொன்னாலும் தானே திருத்தந்தை என்று அவர் நம்பியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவருடைய வாதம் லேசானதும் அல்ல. மற்ற கர்தினால்கள் எல்லோரும் பிளவுக்குப் பிறகு, சர்ச்சைக்குரிய திருத்தந்தையர் நியமித்தவர்கள். தான் ஒருவன் மட்டுமே பிளவுக்கு முன்பு, 1375இல், பதினோராம் கிரகோரி நியமித்த கர்தினால். அப்படியானால் சந்தேகமில்லாமல் ஒரு திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனக்கு மட்டும்தானே? படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டப்படி மறுப்பது கடினம். ஆனாலும் அவர் விலகியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ரோம் தரப்புத் திருத்தந்தை பன்னிரண்டாம் கிரகோரி 1415இல் தானாகவே விலகினார்; அந்த மனம் இவருக்கு வரவில்லை. நெருங்கிய நண்பரான புனித வின்சென்ட் பெரரே 1416இல் இவரைக் கைவிட்டார். 1417இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் இவரை நீக்கி, ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. கிழவர் அசையவில்லை. பிடித்த பிடியை விடாதவரை "தன் பதின்மூன்றிலேயே நிற்கிறார்" என்று ஸ்பானியர்கள் சொல்வது இவரை வைத்துத்தான் என்பார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயம் வெறும் கல். படமில்லை, பூவில்லை. வாசலுக்கு வெளியே கடல் இரைச்சல். 1423இல் இறந்தவரை முதலில் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அவர் கடைசியாக நியமித்திருந்த கர்தினால்கள் நான்கே பேர். அவர்களில் மூவர் கூடி எட்டாம் கிளமெந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் இல்லாத நான்காமவர் அதை ஏற்காமல், தனியாளாக இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார். 1429இல் கிளமெந்து விலகியதோடு இந்தப் பாறையின் திருத்தந்தை வரிசை முடிந்தது.

இருட்டும் நேரத்தில் இறங்கினேன். வீடுகளுக்கு நடுவே பாறையில் ஒரு துளை, பெயர் புஃபதோர். அலை பெரிதாக அடித்தால் அதன் வழியே கடல் சீறி மேலே வரும். நான் நின்ற அரைமணி நேரத்தில் இரண்டு முறை சீறியது. கையெல்லாம் உப்பு.