நடுவரின் விளக்கடியில் நீலன்

ஐந்து ஆண்டுகளாகச் சின்சில்லா என்னும், அடர்ந்த மென்ரோமம் கொண்ட சிறு கொறிக்கும் விலங்கை வளர்த்துவரும் நான், வளர்ப்பாளர்கள் கூடி நடத்தும் போட்டிக்கு முதல்முறையாகச் சென்ற மாதம்தான் போனேன். மூன்றைக் கொண்டுபோனேன். ஒன்று நீலன், இயற்கையான சாம்பல் நிறத்தில், வளர்ப்பாளர்கள் ஸ்டாண்டர்டு என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த இரண்டு வயது ஆண். இரண்டாவது கார்முகில், கறுப்பு வெல்வெட் என்னும் நிறவகையைச் சேர்ந்த பெண். மூன்றாவது, இன்னும் ஒரு வயது நிறையாத தேன்மொழி என்னும் பீஜ் நிறப் பெண். மூன்றில் என் நம்பிக்கை முழுவதும் நீலன்மேல்தான் இருந்தது. அவன் பிறந்த அன்று, கண் திறந்தபடி, உடல் முழுக்க ரோமத்தோடு (சின்சில்லாக் குட்டிகள் அப்படித்தான் பிறக்கும்) என் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தபோது, சன்னல் வெளிச்சத்தில் அவன் முதுகில் மெல்லிய நீலம் ஓடக் கண்டேன். பெயர் அப்போதே அமைந்துவிட்டது.

போட்டிக்குப் போ என்று இரண்டு ஆண்டுகளாக என்னை வற்புறுத்தியவர், இந்தத் துறையில் என்னைவிட மிக மூத்த வளர்ப்பாளரான ஓர் அக்கா. என் முதல் ஜோடி அவரிடமிருந்து வந்ததுதான். “உன் கூண்டில் இருப்பதை உன் கூண்டில் இருப்பதோடு மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படித் தம்பி தெரியும்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. ஆனால் அதன் முழுப் பொருளும் அன்று பிற்பகல்வரை எனக்கு விளங்கவும் இல்லை.

போட்டிக்கான ஆயத்தம் என்றால் பலரும் சீப்பும் அலங்காரமும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது காத்திருப்பு. சின்சில்லாவின் ரோமம் ஒரேயடியாக உதிர்ந்து ஒரேயடியாக முளைப்பதில்லை. புதிய ரோமம் கழுத்துப் பக்கத்தில் தொடங்கி, ஓர் எல்லைக்கோடு போல உடலின் பின்புறம் நோக்கி மெல்ல நகர்ந்து வரும். கோட்டுக்கு முன்னால் இருப்பது புதியது, பளபளப்பானது, எழுந்து நிற்பது. பின்னால் இருப்பது பழையது, மங்கியது, துவண்டு படிவது. அந்தக் கோடு வாலடியைக் கடந்து மறைந்தால்தான் ரோமம் முதிர்ந்து நிறைவடைந்தது என்று சொல்வார்கள். நடுவர் முதலில் தேடுவதே அதைத்தான். நாம் தேதி குறித்து வைத்து அதை வரவழைக்க முடியாது. ஏழு வாரங்கள் இரவுதோறும் ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, முதுகில் மெதுவாக ஊதி, கோடு எங்கே வந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். நீலனுக்குப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கோடு மறைந்தது. கார்முகிலுக்கோ இடுப்பெலும்பின்மேல் வந்து நின்றுவிட்டது; அதற்கு மேல் நகரவே இல்லை. அவளுக்குப் பரிசு கிடைக்காது என்று தெரிந்தேதான் பெயர் கொடுத்தேன். வெல்வெட் வகையை நடுவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்கவாவது அவள் அங்கே இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

இந்த ஊதிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்சில்லாவின் அழகு முழுவதும் அதற்குள் இருக்கிறது. நமக்குத் தலையில் ஒரு வேர்க்குழியிலிருந்து ஓரிரண்டு முடிகள், மிஞ்சினால் மூன்று நான்கு வளர்கின்றன. சின்சில்லாவுக்கு ஒரே குழியிலிருந்து 50க்கும் மேற்பட்ட நுண்முடிகள் கொத்தாகக் கிளம்புகின்றன. முதுகில் ஒரு மூச்சு விட்டால் அந்த அடர்த்திக்கு நடுவே ஒரு பூ விரிவதுபோல் குழி விரியும். அதன் அடியில் கருநீலச் சாம்பல். நடுவில் மெல்லிய வெண்வளையம். விளிம்பில் கறுப்பு முனைகள். ஒவ்வொரு முடியிலும் இந்த மூன்று நிறங்களும் அடுக்காக இருக்கின்றன. வெண்வளையம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறதா, கறுப்பு முனைகள் விலாப்புறம்வரை சீராக இறங்குகின்றனவா, மூச்சு நின்றதும் பூ உடனே மூடிக்கொள்கிறதா என்பவற்றில்தான் ஒரு விலங்கின் தரம் தெரியும். வலுவில்லாத ரோமம் பஞ்சு போலக் குழம்பி, விரிந்த இடத்திலேயே விரிந்து கிடக்கும்.

வழக்கமான மண் குளியலைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டேன். நுண்ணிய எரிமலைத் தூளில் புரண்டுதான் இவை தம் ரோமத்தில் சேரும் எண்ணெயையும் ஈரத்தையும் நீக்கிக்கொள்கின்றன; ஆனால் அந்த வெளிர்தூள் முடிகளுக்கிடையே தங்கினால் நிறத்தின் தெளிவு மங்கிவிடும். பிறகு உலோகச் சீப்பு. அகலப் பல்லில் தொடங்கி நுண்பல்லில் முடிக்க வேண்டும். வால் பக்கத்திலிருந்து தலையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, முடியை இழுக்காமல் எழுப்பிவிட வேண்டும். முதல் நாள் நான் நேரெதிராகச் சீவிக்கொண்டிருந்தேன் என்பதை அக்கா கண்டுபிடித்துத் திருத்தினார்.

பயணம்தான் எனக்கு அச்சமாக இருந்தது. ஆண்டிஸ் மலையின் வறண்ட குளிரில் வாழப் பிறந்த உயிர் இது. 25 பாகை செல்சியஸைத் தாண்டினாலே வெப்பத் தாக்கு ஏற்படும் அபாயம் உண்டு, ஈரப்பதமும் சேர்ந்தால் அதற்கு முன்பேகூட. வியர்த்துத் தணிய அவற்றால் இயலாது. 1923-ஆம் ஆண்டு மத்தியாஸ் சாப்மன் என்னும் சுரங்கப் பொறியாளர் பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டுபோனபோது, வழியெல்லாம் பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தே கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. நானும் விடியுமுன் கிளம்பி, வண்டியை முன்பே குளிர்வித்து, உறையவைத்த நீர்க்குப்பிகளைத் துணியில் சுற்றிக் கூண்டுகளின் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நீர்க்குப்பி சொட்டினால் மோவாய் நனைந்து ரோமம் ஒட்டிவிடும் என்பதால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மட்டும் குடிக்கக் கொடுத்தேன்.

அத்தனை கவனத்துக்குப் பிறகும் தவறு நேர்ந்தது; அது முழுக்க என் கையால் நேர்ந்தது. அரங்கில் தேன்மொழியைப் போட்டிக் கூண்டுக்கு மாற்றும்போது பக்கத்தில் எதுவோ தடாலென்று விழுந்தது. அவள் துள்ளினாள், நான் வாலடியைப் பிடிக்காமல் விலாவைப் பற்றிவிட்டேன். மறுநொடி அவள் கூண்டுக்குள் இருந்தாள், என் விரல்களுக்கிடையே ஒரு கொத்து ரோமம் இருந்தது. வேட்டை விலங்கின் வாயில் ரோமத்தை மட்டும் விட்டுவிட்டுத் தப்பிப்பதற்காக இயற்கை அவற்றுக்குக் கொடுத்த வழி அது. அவளுக்கு வலித்திருக்காது என்று அக்கா சொன்னார். ஆனால் அவள் விலாவில் ஒரு நாணய அளவுக்கு வழவழப்பான தோல் தெரிந்தது; அங்கே ரோமம் மீண்டும் சீராக நிரம்ப மாதங்கள் ஆகும். என்னைக் கண்டு அவள் அஞ்சினாள் என்பதுதான் எனக்குப் பரிசு போனதைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

போட்டி நடக்கும் முறை நான் எண்ணியதைவிட எளிமையானது, கடுமையானதும்கூட. எல்லாக் கூண்டுகளும் ஒரே அளவு, ஒரே வகை. அவற்றில் எண் மட்டுமே இருக்கும். யாருடையது என்று நடுவருக்குத் தெரியாது. உரிமையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. நிறம், பால், வயது என்று பிரித்து, ஸ்டாண்டர்டு வகையை இன்னும் நுணுக்கமாக வெளிர், நடுத்தரம், அடர் என்று நிறச்சாயல் வாரியாகவும் பிரிக்கிறார்கள். நீலன் அடர்நிறத்தில் நிற்பான் என்று நான் எண்ணியிருந்தேன். அவனை நடுத்தரத்தில் நிறுத்தினார்கள். அங்கேயே எனக்கு முதல் ஐயம் எழுந்தது.

மேசைக்கு மேலே பகலொளி போன்ற வெண்குழல் விளக்குகள். ஐந்து கூண்டுகள் வரிசையாக. நடுவர் ஒவ்வொன்றையும் வாலடியில் பிடித்து, உடலை மற்றொரு கையில் தாங்கி, மேலிருந்து பார்த்தார்; ஊதினார்; வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டிரண்டாக அருகருகே வைத்து ஒப்பிட்டுக் கூண்டுகளை இடம் மாற்றத் தொடங்கினார். சிறந்ததாகத் தோன்றுவது வலக்கோடிக்குப் போகும். நீலனின் கூண்டு முதல் சுற்றிலேயே வலக்கோடிக்கு நகர்ந்தபோது என் கைகள் சில்லிட்டன. அவனுடைய உடலமைப்பு அத்தகையது. கழுத்து குறுகி, தோள் அகன்று, செங்கல்லைப் போலக் கட்டாக இருப்பான். ரோமமும் நெருக்கமானது. அப்போது நடுவர், நான் பார்த்துவிட்டுக் கடந்துபோயிருக்கக்கூடிய, சற்றுச் சிறிய ஒரு விலங்கை எடுத்து அவனருகே வைத்தார்.

அந்த நொடியை எப்படி எழுதுவதென்று பல நாள் யோசித்தேன். நீலம் போட்டு அலசிய வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில், பெட்டியில் நெடுநாள் மடித்து வைத்த வெள்ளைத் துணியை விரித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. அதுவரை வெண்மை என்றே நான் நம்பியிருந்த நீலனின் வயிறு பழுப்பேறித் தெரிந்தது. முதுகின் சாம்பலுக்குள் ஓடிய நீலத்தைக் காணவில்லை. மிக மெல்லிய மஞ்சள் சாயல் ஒன்று படர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்ததன் நிறமோ மழைக்கு முந்திய வானம் போலத் தெளிந்து குளிர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பார்த்த ரோமத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

கூண்டு இடப்பக்கம் நகர்ந்தது. மூன்றாமிடம்.

முடிவுகளை அறிவித்தபின் நடுவர் விளக்கம் சொல்வது வழக்கம். அதைக் கேட்பதற்காகவே ஒவ்வொருவரும் வர வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நீலனின் ரோமத்தைப் பிரித்து, மஞ்சள் சாயல் முனையில் மட்டும் இல்லை, வெண்வளையத்துக்குள்ளும் இருக்கிறது, ஆகவே இது கூண்டுக் கறையோ பழைய ரோமமோ இல்லை, வழிவழியாக வருவது என்று காட்டினார். உடற்கட்டும் அடர்த்தியும் சிறப்பானவை என்பதால், நிறத்தெளிவு மிகுந்த பெண்ணோடு மட்டுமே இவனை இணைக்க வேண்டும் என்றார். தேன்மொழியிடம் வந்தபோது, வெற்றுத் தோல் தெரிந்த இடத்தை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு மீதியை நிதானமாகப் பார்த்தார். அவளுக்கு இரண்டாமிடம். கார்முகிலுக்கு எதுவும் இல்லை. ஆனால் முன்கால்களில் சாய்ந்து ஓடும் கறுப்புப் பட்டைகள் நன்றாக அமைந்திருக்கின்றன, ரோமம் முதிர்ந்தபின் கொண்டுவாருங்கள் என்றார். வெல்வெட்டோடு வெல்வெட்டை இணைக்கக் கூடாது, அந்த மரபணு இரட்டித்தால் கரு பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் கார்முகிலுக்கு நீலனையே துணையாக நினைத்து வைத்திருந்தேன். அந்தத் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த அளவுகோல்கள் எல்லாம் ரோம வணிகத்தில் பிறந்தவை. அந்த வணிகத்துக்காகவே காட்டுச் சின்சில்லாக்கள் அழிவின் விளிம்புவரை வேட்டையாடப்பட்டன. காட்டில் அவை இன்றும் அருகிவரும் இனம்தான். மேசைமுன் நின்றபோது அந்த எண்ணம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஆயினும், அடர்ந்த, தெளிந்த, வலுவான ரோமம் உடல்நலத்தின் அடையாளமும்தான்; மனஅழுத்தம் கொண்ட விலங்கு தன் ரோமத்தைத் தானே கடித்துக் குதறிக்கொள்ளும், நோயுற்றதன் ரோமம் பொலிவிழக்கும். உயிரோடு வளர்க்கவே வளர்ப்பவர்களும் இந்தக் கண்ணைப் பெற்றிருக்க வேண்டும் என்பது என் முடிவு. இதில் மாற்றுக் கருத்து உடையவர்களை நான் மதிக்கிறேன்.

வீடு திரும்பியதும் மூன்றையும் தனி அறையில் வைத்திருக்கிறேன். பூஞ்சைத் தொற்று ஒரு கூண்டிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் பரவும் என்பதால், ஒரு மாதம் மற்றவற்றோடு சேர்க்கப் போவதில்லை. முதல் இரவே மண் குளியல் கிண்ணத்தை வைத்தேன். நீலன் நான்கு முறை புரண்டு, நிமிர்ந்து, உதறிக்கொண்டு, திரும்பவும் புரண்டான். தேன்மொழி மூலையில் இருந்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள்தான் என் விரலிலிருந்து வைக்கோல் துண்டை வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் வீட்டில் ஒரு சாம்பல்நிறப் பெண் இருக்கிறாள். சென்ற வாரம் அதே வகை வெண்குழல் விளக்கொன்றை வாங்கிக்கொண்டு, அக்காவிடம் சொல்லிவிட்டு, அவளை அதன் கீழே வைத்துப் பார்த்தேன். வயிறு மாசற்ற வெண்மை. தனிமைக் காலம் முடிந்ததும் நீலனை அங்கே அழைத்துப் போகிறேன். இருவரும் ஒத்துப்போனால், சினை 111 நாள். குட்டிகள் பிறக்கும் அன்று சன்னலடிக்குக் கொண்டுபோகாமல், இந்த விளக்கடியில் தாயின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.