ஸ்டென்ட் வச்சவங்க பல் இம்ப்ளான்ட் போடும் முன்னாடி

கல்ஃப்லருந்து ஒரு மாச லீவுல நாகர்கோவில், மார்த்தாண்டம் வந்து இம்ப்ளான்ட் போடுறவங்க கவனிங்க. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வச்சு ஆறு மாசம்கூட ஆகலைன்னா தள்ளிப்போடுங்க. இம்ப்ளான்டுங்கிற அந்தத் திருகு தாடை எலும்போட ஒட்டவே பொதுவா 3 மாசம் ஆகும், அவசரம் எதுக்கு?

ரத்தம் நிக்காதுன்னு பயந்து ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற குளோபிடோக்ரல், ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. ஈறுல வர்ற ரத்தத்தை தையல் போட்டு, பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடிச்சு நிறுத்திடலாம். ஆனா மாத்திரையை நிறுத்தி ஸ்டென்ட் அடைச்சா மாரடைப்பு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்கன்னா முந்தின நாள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற டெஸ்ட்) பாருங்க, 3.5க்கு மேலன்னா அன்னைக்கு வேண்டாம்.

இதயத்துல செயற்கை வால்வுன்னா, அதுல கிருமி தொற்றாம இருக்க அமாக்சிசிலின் (ஆன்டிபயாட்டிக்) 2 கிராம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி, ஒரே டோஸ். பென்சிலின் அலர்ஜின்னா முதல்லயே சொல்லிடுங்க. வெறும் ஸ்டென்டுக்கு இது தேவையில்லை (பலர் சும்மா எழுதித் தர்றாங்க).

கீழ்த்தாடை முன்பக்கம் போட்ட பிறகு நாக்குக்கு அடியில வீங்கினா வீட்டுல காத்திருக்காதீங்க, மூச்சு அடைக்கும். நேரா எமர்ஜென்சி.