அவுகளுக்குப் பேன் பார்த்த கதை

நாகமலை புதுக்கோட்டையில் குடியிருப்பவனுக்கு வீட்டுக்குள்ளேயும் ஒரு பாம்பு தேவையா என்று கேட்டால் சின்னவனிடம் பதில் கிடையாது. மொட்டை மாடியில் ஏறினால் மைல் கணக்கில் ஒன்று படுத்துக் கிடக்கிறது. சமணர்கள் ஏவிய நாகத்தை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து சாய்த்தான், அதுவே மலையாகிவிட்டது என்பது திருவிளையாடல் கதை. அது பத்தாதாம்.

வந்திருப்பது பால் பைத்தான். குடிக்கிற பால் இல்லை, இங்கிலீஷ் பந்து; மலைப்பாம்புச் சாதி. கானா, டோகோ பக்கத்து இனம். மூன்றடி நீளம், விஷம் கிடையாது. சின்னவனின் கூட்டாளி வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டான். நம்மூர்ப் பாம்பை, அது சாரையாகவே இருந்தாலும், வீட்டில் வைத்தால் 1972-ஆம் வருடத்து வன உயிரினச் சட்டம் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு இனமென்றால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும். பதிந்து கொடுத்தது யார்? நான்தான். இவனைக் கல்லூரியில் சேர்த்தபோதுகூட இத்தனை காகிதம் ஏற்றவில்லை.

தொட்டியோடு சூடேற்றுகிற பாய் ஒன்றும் வந்தது. ஒரு பக்கம் 32 டிகிரி இருக்கவேண்டுமாம். சித்திரை மாதம், மதுரையில். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நானே வெந்துகொண்டிருக்கிறேன். பாய் இப்போது பரணில்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை இட்லி உள்ளே இறங்குவதற்குள் சின்னவன் வந்து நின்றான். “அப்பா, இதுக்கு மைட்ஸ் இருக்கான்னு பாக்கணும்.”

பாம்புக்குப் பேன். கடுகை உடைத்தால் சிதறுமே, அந்த அளவில் கறுப்பாக இருக்குமாம். செதிலுக்கு அடியில் நுழைந்து ரத்தம் குடிக்குமாம். கண்ணைச் சுற்றி, தாடைக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில், கழிவு போகிற இடத்தில் என்று தேடித்தேடி ஒளியுமாம். முட்டையைப் பாம்பின் மேல் இடாமல் தொட்டியின் இடுக்கில் கொண்டுபோய் வைக்குமாம். அரிப்புத் தாங்காமல் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கும், தண்ணீரில் செத்த பேன் மிதக்கும். அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது மடல் அரித்தது. சமையலறையில் கரண்டிக் காம்பால் முதுகு சொறிகிற சத்தம் கேட்டது. வீட்டம்மா தொட்டி வந்த நாளிலிருந்து ஹாலுக்கு வருவதில்லை. எல்லாவற்றுக்கும் அங்கிருந்தேதான் பதில்.

வெள்ளைத் துணியை நனைத்து உடம்போடு வழித்துவிட்டால் பேன் துணியில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் சோதனை. வீட்டில் வெள்ளைத் துணிக்கா பஞ்சம்? அவன் எடுத்து வந்தது என் பட்டுக்கரை வேட்டி.

பாம்பு ஒத்துழைக்கவேண்டுமே. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிற சாதி அது. நமக்குப் பார்க்கவேண்டியது கண்ணும் தாடையும். அது காட்டுவதோ முதுகு மட்டும். சின்னவன் அங்கிட்டு உருட்டினான், நான் இங்கிட்டு டார்ச் அடித்தேன். செல்போன் வெளிச்சத்தில் பொட்டுப்பொட்டாக எல்லாமே பேன் மாதிரித்தான் தெரிந்தது. பாதி அதன் உடம்பு நிறம், மீதி என் கண்ணாடியில் இருந்த அழுக்கு.

இதையெல்லாம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இருட்டிய பிறகு பாம்பு என்ற சொல்லையே வாயில் எடுக்காத மனுஷி அவர். “தள்ளுங்கடா, பேன் பாக்கத் தெரியாதவய்ங்களா” என்று தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையையும் பார்த்த கை அது. ஆட்டுக்கு உண்ணி எடுத்த கை, கோழிக்குச் செள்ளு பார்த்த கை. “இழுக்காத. அவுகளா அசந்து தலைய நீட்டட்டும்” என்று பாம்பை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் ரசம் சரியில்லாமல் போனதைப் பேச ஆரம்பித்துவிட்டார். ரசத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அங்கிருந்து திருமங்கலத்துப் பங்காளிச் சண்டைக்கு வருவதற்குள் தலை மெல்ல வெளியே வந்தது. கண்ணைச் சுற்றிப் பார்த்தார், தாடையைத் தூக்கிப் பார்த்தார். “என்னடா, கண்ணைக்கூட மூட மாட்டேங்கிறாக?” பாம்புக்கு இமை கிடையாது அப்பத்தா, கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் மூடியிருக்கும் என்றான் சின்னவன். “பாவம், தூங்குறப்பயுமா?”

கடைசியில் வால் பக்கம் வழித்தபோது வேட்டியில் ஒரு கறுப்புப் புள்ளி. சின்னவன் முகம் செத்துவிட்டது. தொட்டியை மொத்தமாகக் காலி செய்து கழுவவேண்டும், மருந்து, மருத்துவர் என்று அடுக்கினான். பாம்பு பார்க்கிற மருத்துவருக்கு இந்த ஊரில் எங்கே போவது? அம்மா அந்தப் புள்ளியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, இன்னொரு நகத்தால் நசுக்கினார். பேனாக இருந்தால் ரத்தம் தெரியும். தெரியவில்லை. தூளாக உதிர்ந்தது. தொட்டியில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூள்.

“அவுக சுத்தமாத்தேன் இருக்காக. உங்க தொட்டியத்தேன் கூட்டணும்.”

மூன்றடிப் பாம்பு ‘அவுக’, ஐம்பதை நெருங்குகிற நான் ‘டா’. என் குதிகால் வெடிப்பை யாராவது பாருங்கள் என்று தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் ஒரு டார்ச் திரும்பியிருக்குமா? அதை வாய்விட்டே சொன்னேன். அம்மா பாம்பைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு, கை போன வேகத்தில் என் பிடரியைப் பிடித்துத் தலையை மடிக்கு இழுத்தார். விரல் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது.

“இங்க என்னத்தடா இருக்கு பாக்குறதுக்கு?”

சமையலறையில் சிரிப்பு அடங்க நேரமானது.

ஆனால் கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கதையில் பாக்கி இருந்தது, முடிகிறவரை நானும் எழுந்திருக்கவில்லை. முட்டை இருந்திருந்தால் பொரித்திருக்கும், அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று சின்னவன் இப்போதே சொல்லிவிட்டான். பீரோ சாவியை நான் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.