குடுவையின் மூடி மூடாது

வண்ணம் தீட்டும் புத்தகங்களில் பூச்சி தின்னும் கொடியான நெபந்தஸின் குடுவையைப் பூ மாதிரி காம்பில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அது பூவே இல்லை, இலை. நடுநரம்பு இலைநுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனைதான் குடுவையாக உப்புகிறது. பென்சிலும் அதே வரிசையில் போகட்டும்: இலை, கம்பி, குடுவை.

பலர் சறுக்குவது கம்பி சேரும் இடத்தில். கீழ்க்குடுவை குண்டு, முன்பக்கம் மயிர்விளிம்போடு இரண்டு சிறகுகள், கம்பியும் அந்தப் பக்கமே வரும். கொடியின் மேலே வரும் குடுவை ஒல்லி. சிறகு தேய்ந்து வெறும் வரம்பாகிவிடும், கம்பி முதுகுப்பக்கம் சேரும். இரண்டையும் கலந்தால் தெரிந்தவர் கண்ணை உறுத்தும்.

வாய்விளிம்பின் வரிகளை வெளியிலிருந்து உள்ளே வளைத்து இறக்குங்கள். நேர்கோடாகப் போட்டால் விளிம்பு தட்டையாகிவிடும். நீர்வண்ணம் என்றால் பளபளப்புக்கு வெள்ளைத் தாளையே விட்டுவையுங்கள். பிறகு வெள்ளை பூசினால் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும்.

மூடி பூச்சியைப் பிடிக்க மூடாது, மழைக்குடை மாதிரி நிற்கும். கோரைப்பல் வரைந்தே தீருவேன் என்றால் நெபந்தஸ் பைகால்கரேட்டா என்ற இனத்தை எடுங்கள். மூடிக்கடியில் இரண்டு கூர்முட்கள் நிஜமாகவே உண்டு.

ஒழுங்காக வரைந்தால் என்ன ஆகும்? ஆங்கிலேய ஓவியர் மரியான் நார்த் 1876-ல் போர்னியோத் தீவின் சரவாக்கில் தீட்டிய குடுவையைப் பார்த்துத்தான் செடியைத் தேடி ஆள் அனுப்பினார்கள். 1881-ல் அதற்கு நெபந்தஸ் நார்த்தியானா என்றே பெயர் வைத்தார்கள்.