துப்பாக்கி உரிமம்: 'எதற்காக வேண்டும்?' என்ற கட்டத்திலிருந்து வாரிசு வரை

துப்பாக்கி உரிமத்துக்கான விண்ணப்பமான படிவம் ஏ-1ஐ நிரப்ப உட்காருகிறவர்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி வரைக்கும் மளமளவென்று போய்விடுவார்கள். பேனா நிற்கிற இடம் ஒன்றுதான்: எதற்காக வேண்டும்? அந்தக் கட்டத்தில் 'தற்காப்பு' என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தால், அந்த மனு சில மாதம் கழித்து என்ன பதிலோடு திரும்பும் என்பதை அன்றைக்கே சொல்லிவிடலாம்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு துப்பாக்கிகளை இரண்டு கூடையில் போடுகிறது. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கி (நம் ஊரில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்பது) பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், பயிர்ப் பாதுகாப்புக்கு குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் எஸ்.பி.எம்.எல். துப்பாக்கி கேட்டால், அங்கீகாரம் பெற்ற சுடும் கழகத்தின் உறுப்பினர் குறிபார்த்துப் பழகத் துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவரை அதிகாரி உரிமம் தரவேண்டும் என்பது முதல் கூடை. மற்றபடி ரிவால்வர், பிஸ்டல், ரைபிள் எல்லாம் இரண்டாவது. அதில் 'தக்க காரணம் இருக்கிறது' என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். தோட்டத்து வீட்டுக்குக் காவல் தேவைப்படுகிறவர் கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது, வாசல் திறந்திருக்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறுவது மாதிரி.

கைத்துப்பாக்கியே தேவை என்றால் காரணத்துக்குக் காகிதம் வேண்டும். மிரட்டல் என்றால் புகார் கொடுத்ததற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர். நகல். ரொக்கம் எடுத்துப் போகிற தொழில் என்றால் வங்கிக் கணக்கு விவரம், ஜி.எஸ்.டி. பதிவு. ஒதுக்குப்புறமான தோட்டம் என்றால் பட்டா, சிட்டா, அடங்கலோடு, அருகில் உள்ள காவல் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதுங்கள். மிரட்டல் வந்தபோது புகார் கொடுக்காமல் இருந்துவிட்டு, உரிமத்துக்கு மட்டும் மிரட்டலைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

எந்த அளவுத் துப்பாக்கி என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22, .315 ரைபிள், 12 போர் ஆகியவை தடை செய்யப்படாத வகை. 9 எம்.எம்., .38, .45, .303 ஆகியவை தடை செய்யப்பட்ட வகை. அதற்கு மத்திய உள்துறைதான் உரிமம் தரமுடியும், சாதாரண மனிதர் அதை நினைக்கவே வேண்டாம். ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டுமா என்று கேட்பவர்கள் நிறைய. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், குண்டின் வேகசக்தி 20 ஜூல், இந்த இரண்டையும் தாண்டாதவரை வேண்டாம். 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளை 'வெறும் ஏர் கன்தானே' என்று வாங்கி வைப்பது தவறு.

விண்ணப்பதாரருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 4 பாஸ்போர்ட் அளவுப் படம், பிறந்த தேதி, அடையாளம், முகவரிச் சான்றுகள், பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. இவற்றோடு இரண்டு காகிதங்கள்தான் அதிகம் தடங்கல் செய்பவை. ஒன்று படிவம் எஸ்-3, மருத்துவச் சான்று. உடலும் மனமும் தகுதியாக இருப்பதோடு, மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ அடிமை இல்லை என்றும் அதில் தனியாக வரவேண்டும். டாக்டரின் லெட்டர்ஹெட்டில் 'நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளார்' என்று வாங்கிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். இன்னொன்று எஸ்-1, கையாளும் பயிற்சிச் சான்று. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் உருப்படியான ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். சான்றுக்காக அரை நாள் போய் உட்கார்ந்து வராமல், ரைபிள் கிளப்பில் நிஜமாகவே பழகிக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் இணையத்தில் ஏறிய பிறகு அச்செடுத்து, இணைப்புகளோடு நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கவேண்டும். மாவட்டத்தில் கலெக்டர் ஆபீஸ், சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். அதற்குப் பிறகு கோப்பு இரண்டு வழியில் கிளம்பும். காவல்துறையில் நிலையத்திலிருந்து டி.எஸ்.பி. வழியாக எஸ்.பி.க்கு, வருவாய்த்துறையில் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று மேலே. எந்த மேசையில் நிற்கிறது என்பது தெரியாமல் கலெக்டர் ஆபீஸுக்கே நடந்துகொண்டிருப்பதில் பயனில்லை. கோப்பு எண்ணை வாங்கிக்கொண்டு கீழிருந்து தேடவேண்டும்.

பழைய வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். விடுதலையான வழக்கு என்றாலும் தீர்ப்பு நகலை இணைத்துவிடுங்கள். விடுதலையான வழக்கு மட்டுமே உரிமத்தைத் தடுத்துவிடாது. முக்கியமான தகவலை மறைத்து வாங்கிய உரிமத்தையோ 17-ம் பிரிவின் கீழ் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14-ம் பிரிவு சொல்வதையும் நினைவில் வையுங்கள். வருமான வரிக் கணக்கைக் கேட்கிறார்கள் என்பதற்காகப் பணக்காரருக்குத்தான் உரிமம் என்றில்லை.

காட்டோரத்து விவசாயிகளுக்கு வேறு ஒரு முடிச்சு இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 34-ம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய உரிமம் தர, தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு பக்கத்து மனுக்கள் ஆமை வேகத்தில் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமம் கிடைத்துவிட்டால் காட்டுப்பன்றியைச் சுட்டுக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. வெடிச் சத்தம் போட்டு விரட்டலாம். மிருகம் செத்தால் வன வழக்கு தனியாக வரும்.

விதிப்படி காவல்துறை 30 நாளில் அறிக்கை தரவேண்டும். அறிக்கை வந்து 60 நாளில் முடிவு சொல்லவேண்டும். நடப்பது இதைவிட நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால் காத்திராமல் முடிவெடுக்க உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவே இடம் தருகிறது. நினைவூட்டல் கடிதத்தில் அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலையைக் கேட்கலாம். குறித்த நாளுக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறவர்களும் உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உத்தரவு கையில் வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

இந்த இடத்தில் ஒரு வாதம் எப்போதும் எழும். அமெரிக்காவில் உரிமையாக இருப்பது நமக்கு ஏன் இல்லை என்று ஒரு பக்கம். உரிமமே தரக்கூடாது என்று இன்னொரு பக்கம். நம் அரசியலமைப்பில் ஆயுதம் வைத்திருக்கும் அடிப்படை உரிமை கிடையாது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சுட்டிக்காட்டியது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் 3 துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்கத்தான் மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பி 2-ல் நின்றது. எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறோம். எனக்குப் படுவது வேறு: நம் நடைமுறை வாசலில் ஏழு பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே போனவரை அடுத்த 5 வருடம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பீரோவில் எப்படி வைத்திருக்கிறார் என்று யாரும் வந்து கேட்பதில்லை. அதனால் அந்த வேலை உரிமதாரர் தலையில்தான்.

உரிமம் வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது யூ.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்கிறதா, எந்த எல்லைக்குள் செல்லும், தோட்டா ஒரே நேரத்தில் எத்தனை, வருடத்துக்கு எத்தனை என்பவை. எல்லை மாவட்டத்தோடு நின்றால் பக்கத்து மாவட்டத்துக் கல்யாணத்துக்கு எடுத்துப் போனாலும் குற்றம். துப்பாக்கி வாங்கும்போது உடலில் பொறித்த எண்ணும் டீலர் உரிமத்தில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். பழையதை வாங்கும்போது 8-ம் 3-ம் குழம்பி, பிறகு புதுப்பிக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கியதும் குறித்த கெடுவுக்குள் அதிகாரியிடம் ஆய்வுக்குக் காட்டவேண்டும்.

வீட்டில் விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கும்: பிஸ்டலில் மேகசினை (தோட்டா அடுக்கிய கூட்டை) கழற்றிவிட்டுக் காலி என்று நினைப்பார்கள், குழலறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) முழுதும் இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவியும் பார்க்கவேண்டும். இந்த வரிசையைத் திருப்பினால் ஸ்லைடு மேகசினிலிருந்து புதிய தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும். ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரியும் என்பதால் புதியவர்களுக்கு அதுவே தோது. விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா இருந்தால் உடனே திறக்காமல், குழலைப் பாதுகாப்பான திசையில் 30 விநாடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி ஒரே கொத்தில் இல்லாமல். தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோர ஊரில் ஒரு மழைக்காலம் போதும், துரு ஏறிவிடும். லேசாக எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

வெளியே எடுத்துப் போனால் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்கவேண்டும். திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் எதற்குள்ளும் கொண்டு போகக்கூடாது என்பது உரிம நிபந்தனை. கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வரும். எல்லோரும் கட்டாயம் ஒப்படைக்கவேண்டும் என்றில்லை, ஆட்சியரும் எஸ்.பி.யும் கொண்ட ஆய்வுக் குழு ஆளைப் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணைய வழிகாட்டல். விலக்கு வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். ஒப்படைக்கிறீர்கள் என்றால் எண், நிலை, தோட்டா எண்ணிக்கை எழுதிய ரசீதில்லாமல் கொடுக்கவேண்டாம். டீலரிடம் வைத்தால் கட்டணம் உண்டு என்றாலும் எண்ணெய் போட்டு வைப்பார்கள்.

உரிமம் இப்போது 5 வருடத்துக்கு. முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க மனு போடுங்கள். காலாவதியான மறுநாள் வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி.

இதே சிக்கல் பெரிதாக வருவது உரிமதாரர் இறந்தபிறகு. அப்பாவின் இரட்டைக்குழல் பரணில் கிடக்கும்; துக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள்; வருடங்கள் ஓடும். சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டார் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர்கள், குறைந்தபட்சத் தண்டனையே 2 வருடம். ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி தாமதமின்றி காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம் வைத்து 2016 ஆயுத விதிகளின் 25-ம் விதியில் ஒருவர் உரிமம் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரைக் காட்டி அவர் பேருக்கு மாற்றக் கேட்கலாம். தாத்தாவுக்கு 72 ஆகிவிட்ட வீடுகளில் இதை இந்த மாதமே செய்துவிடலாம்.

யாருக்கும் வேண்டாம் என்றால் விற்கலாம். உரிமமுள்ள தனி ஆளுக்கு விற்பதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றவேண்டும். கைமாறியதும் உங்கள் உரிமத்தில் அந்த எண்ணை நீக்கிய பதிவை வாங்கி, நகல் ஒன்றை விற்பனைக் கடிதத்தோடு வைத்திருங்கள்.