காய்ச்சல் என்று எழுதிய வரி

புற்றுநோய்ப் பதிவேட்டுக்குத் தகவல் சேகரிப்பது என் வேலை. ஆஸ்பத்திரிகளில் கேஸ் கட்டுகளைப் புரட்டி, பெயர், வயது, ஊர், என்ன நோய், எந்தத் தேதியில் உறுதியானது என்று எழுதி வருவேன். கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களும் என் பொறுப்பில்தான்.

ஊர் என்ற கட்டம்தான் ரொம்பப் படுத்தும். சிகிச்சை எங்கே நடந்தாலும், பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கும் ஊரின் கணக்கில்தான் சேர வேண்டும். பூம்பாறைப் பையன் ஒருவனை ஏறக்குறைய ஒரு வருடம் மதுரைக் கணக்கிலேயே வைத்திருந்தேன். ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். கேஸ் கட்டில் இருந்தது அவன் சித்தி வீட்டு முகவரி. அதை நான் விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

பிறகு பூம்பாறைக்குப் போனபோது அவன் அம்மாவைப் பார்த்தேன். பூண்டுக் கட்டுகள் தொங்கிய திண்ணையில் உட்கார்ந்து மஞ்சப்பையை அவிழ்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், தேதி வரிசையில், பூண்டு வாசனையோடு. "ஒண்ணைக்கூடத் தொலைக்கலை சார்" என்றார். அடியில் ரேஷன் கார்டு. அதைப் பார்த்துத்தான் ஊரைத் திருத்தினேன்.

ஒரு பெயர்தானே என்று விட முடியாது. பெரியவர்களின் புற்றுநோயை லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வோம். குழந்தைகளுக்குப் பத்து லட்சத்துக்கு இத்தனை. அவ்வளவு அரிது என்பதால், மலையில் ஒரு பிள்ளை விடுபட்டாலும் விகிதம் ஆடிவிடும். வகுப்பதற்கான மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டது.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. 2030க்குள் இதை 60 சதவீதமாவது ஆக்க வேண்டும் என்று 2018இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆனால் நோய் என்னவென்றே தெரியாமல் போன பிள்ளை எந்தச் சதவீதத்திலும் வராது. அதனால் ஓர் இடத்தில் எண்ணிக்கை குறைவு என்றால் எனக்கு நிம்மதி வருவதில்லை, கவலைதான் வருகிறது.

கீழ்மலையில் ஒரு கிராமம். இறப்புப் பதிவேட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை. காரணம்: காய்ச்சல். அங்கிருந்த நர்சம்மாவுக்கு அவளை நினைவிருந்தது. "முகம் வெளுத்துப் போச்சு சார். காலெல்லாம் நீலம் நீலமா தடிப்பு, ஈறுல ரத்தம். வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையாவது எடுத்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். மருத்துவர் உறுதி செய்யாததைப் பதியக்கூடாது. அந்த விதி சரியானதுதான். கையிலிருந்த படிவத்தை எழுதாமலேயே மடித்து வைத்தேன்.

நர்சம்மா தன் டைரியை எடுத்தார். "அப்போ எதெல்லாம் பாத்தா உடனே அனுப்பணும், சொல்லுங்க சார்." விடாத காய்ச்சல், வெளுப்பு, காரணமில்லாத ரத்தக்கட்டு, வயிற்றில் கட்டி, கண்மணியில் வெள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதி முடித்து, எல்லாவற்றையும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார்.