பெரியப்பா நடத்திய பரேடு

பெப்பிஸ் ரோட்டை ரோடு என்று சொல்வதே அநியாயம். பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் இறங்கி அந்த மேட்டில் ஏறினால், உடம்பில் எங்கெங்கே மூட்டு இருக்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். எழுபதைத் தாண்டிய பெரியப்பா கைவீசி முன்னால் போகிறார். எங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு பின்னால் வந்தார் என்று சொல்லி அவர் மானத்தை வாங்கப் போவதில்லை.

சிங்கப்பூர் வந்ததிலிருந்து பெரியப்பாவுக்கு செந்தோசாவும் வேண்டாம், முஸ்தபாவும் வேண்டாம். "பட்டாளத்தான் பாக்குற மாதிரி ஏதாவது இருக்கா பாப்பா?" வேலூர்ப் பக்கத்து ஆள் வேறெப்படிக் கேட்பார்! சரி என்று புக்கிட் சண்டு நினைவகத்துக்குக் கூட்டிப் போனோம். வெள்ளைக்காரன் காலத்தில் அடிவாரத்தில் அபின் காய்ச்சிய மலை. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் விழுவதற்கு முதல் நாள் வரை, மலாய் ரெஜிமெண்ட் ஜப்பான்காரனை மறித்து நின்ற இடம். உச்சியில் ஒரு பழைய பங்களா, அதுதான் மியூசியம்.

அந்த மலாய் ரெஜிமெண்ட் ஆபீசர் லெப்டினன்ட் அட்னான் சைடியின் கதையைப் பெரியவன்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டான், அதனால் அவன்தான் கைடு. "தாத்தா, ஜப்பான்காரங்க பஞ்சாபி சோல்ஜர் மாதிரி வேஷம் போட்டு வந்தாங்க. ஆனா நாலு நாலா நடந்து வந்தாங்க. பிரிட்டிஷ் ஆர்மியில மூணு மூணாத்தான் போவாங்க. அட்னான் கண்டுபிடிச்சுட்டாரு!"

எங்களுக்குச் சனி பிடித்தது அந்த நிமிஷம்தான். பெரியப்பா திரும்பி எங்களை எண்ணினார். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு. "நாலு பேரா நிக்கிறீங்களே, சுட்டுருவான்!" வீட்டுக்காரர் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு, பையோடு பின்காவலுக்கு அனுப்பப்பட்டார். அன்று முழுக்க அவருக்குப் பதவி உயர்வே இல்லை.

உள்ளே ஒவ்வொரு படத்துக்கு முன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் பெரியப்பா. கடைசியில் அங்கிருந்த பெண்ணிடம் போய், தன் பட்டாளத்து இங்கிலீஷில் கேட்டார்: "ஆபீசர் ஹியர், சோல்ஜர் ஹியர். குக் வேர்?"

அந்தப் பெண் எங்களைப் பார்த்தது. நாங்கள் பெரியவனைப் பார்த்தோம்.

பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் லங்கர் ஆள், அதாவது பட்டாளத்துச் சமையல்கட்டுக்காரர். கல்யாண வீட்டில் அவர் 1971 யுத்தக் கதையை ஆரம்பித்தால், "நீங்க வெங்காயத்தோடதானே சண்டை போட்டீங்க" என்று பெரியம்மா முடித்துவைப்பாள். பந்தியே சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

"சண்டை நடக்குற அன்னிக்கும் பசிக்கும்ல பாப்பா. யாராவது ஒருத்தன் அடுப்பு மூட்டியிருப்பான்" என்றார். அந்தப் பெண் விசாரித்துச் சொல்வதாக ஒரு தாளில் குறித்துக்கொண்டது. பெரியப்பா அதன் தோள்மேல் எட்டிப் பார்த்து, எழுதிவிட்டதை உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்தார்.

திரும்பும்போது பிள்ளைகளுக்கு ரெஜிமெண்டின் போர்முழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தார். எம்ஆர்டி பிளாட்பாரத்தில் சின்னவள் "வீர மதராஸி! அடி கொல்லு! அடி கொல்லு!" என்று கத்த, பக்கத்திலிருந்த சீனப் பாட்டி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைச் சமையலறையிலிருந்து வெளியேற்றிவிட்டு அவரே சாம்பார் வைத்தார். "கொஞ்சமா வைங்க பெரியப்பா" என்றேன். "கொறைச்சு வைக்க எனக்கு வராதும்மா" என்றார்.

வரவில்லைதான். ஃப்ரிட்ஜில் இனி ஒரு எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இடமில்லை. பக்கத்துப் பிளாக்கில் இருப்பவர்கள் பாத்திரத்தோடு வரலாம், உப்பு காரமெல்லாம் கச்சிதம்.